ஏழு வீட்டு மெம்பர்

அந்த அக்காவிடம் எதைக் கேட்டாலும் கையோடு பதில் கிடைக்காது. ஆராதனை முடிந்து சபை வளாகத்தில் டீ கொடுக்கும்போது சர்க்கரை போட்டதா, போடாததா என்று கேட்டால்கூடத் திரும்பி, தன்னோடு வேனில் வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். டீ ஊற்றுகிற அண்ணன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். எங்கள் வாலிபர் கூட்டத்தில் அவரைப் போலப் பேசிக் காட்டாதவர்கள் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார், அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு கேலி உலவியது. அது அவர் காதுக்கும் போனது. "அதுல ஒரு திருத்தம். நான் கேட்டேன். அவங்கதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

இப்போது அவர் ஹைதராபாத்தில் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போர்ட் பிளேருக்கே திரும்பிவிட்டார். பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன குடும்பம். இங்கே காஞ்சன்பாக்கில் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் அதிகாரியாக இருந்தார். தமிழில் பாதி இந்தி கலந்து பேசுவார். ஆமாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்களைப் போல "ஹவ்" என்பார். சபையில் எல்லோருக்கும் அவர் தீவு அக்கா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் தமிழ்ச் சபை செகந்திராபாதில் இருக்கிறது. சபையை நடத்த ஒரு கமிட்டி உண்டு. வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்று என்றைக்கோ பிரித்து வைத்தது. செகந்திராபாதுக்கு நான்கு இடம், அல்வாலுக்கு மூன்று, காஞ்சன்பாக்குக்கு ஒன்று. கச்சிபௌலி வெறும் பாறையாகக் கிடந்த காலத்துப் பிரிவினை அது. கம்பெனிகள் வந்து, எங்களைப் போன்றவர்கள் திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகு, போனால் போகிறது என்று கச்சிபௌலிக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள். அந்த ஒன்றில் உட்கார்ந்திருந்தது நான். காஞ்சன்பாக்கின் ஒன்றில் தீவு அக்கா. என் பின்னால் எண்பது வீட்டுக்கு மேல். அவர் பின்னால் ஏழு.

அந்த ஏழு வீட்டையும் அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கமிட்டி கூடுவதற்கு முந்திய வாரம் வேலை முடிந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்குவார். வீட்டுத் தலைவர் சொன்னதோடு விடமாட்டார். சமையலறை வாசலில் நின்று அந்த அம்மாவிடம் கேட்பார், வேலைக்குப் போகிற மருமகள் திரும்பி வரும்வரை காத்திருந்து அவளிடமும் கேட்பார். கமிட்டி முடிந்த மறுநாள் திரும்பவும் அதே படிகள். என்ன பேசினார்கள், என்ன முடிவாயிற்று என்று சொல்ல. புதுக் கீபோர்டு வாங்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, "நாலு வீடு வேணும்னாங்க, மூணு வீடு இப்ப எதுக்குன்னாங்க. அதனால என் ஓட்டு வேணும்" என்றார். கமிட்டிச் செயலாளர் விடவில்லை. சரி, உங்களுக்கு அதில் என்ன அபிப்பிராயம் என்று கேட்டார். "என்னை இங்க அனுப்பினவங்க அதை என்கிட்ட கேக்கலையே" என்றார் அக்கா.

எரிச்சலாகவும் இருக்கும். ஒரு மழைக்கால ஞாயிறு, சபை அனுப்புகிற காஞ்சன்பாக் வேன் மலக்பேட் பாலத்தருகே நின்றுவிட்டது. பாலத்தடியில் தண்ணீர். வண்டியைத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதா, உப்பல் வழியாகச் சுற்றிக்கொள்வதா என்று டிரைவர் கேட்டார். அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பி ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். ஒருவருக்குச் சுற்றினால் வாந்தி வரும், இன்னொருவருக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். அவர்கள் ஒரு முடிவுக்கு வந்து சபைக்கு வந்து சேர்ந்தபோது போதகர் ஐயா ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார். ஏழு குடும்பமும் நனைந்த செருப்போடு உள்ளே வந்து, நின்று, ஆமென் சொல்லிவிட்டு வெளியே போனது. செயலாளர் அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷத்தை ஓட்டினார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். வார நாளில் கூடிய கமிட்டி முடிந்து, என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து பஸ் நிறுத்தம்வரை கூட்டிப்போகிற வழி. நேரடியாகப் பதில் சொல்லாமல் தன் தீவைப் பற்றிச் சொன்னார். அத்தனை தீவுக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு ஆள். மாநிலங்களவையில் அதுவும் இல்லை. அங்கே உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள், எங்கள் தீவுக்குச் சட்டசபையே கிடையாது, பின்னே யார் தேர்ந்தெடுப்பது என்றார். பாண்டிச்சேரிக்குச் சட்டசபை இருப்பதால் மக்களவையிலும் ஒரு ஆள், மாநிலங்களவையிலும் ஒரு ஆள். எனக்கு இதெல்லாம் தெரியாது. எல்லா ஊருக்கும் இரண்டு சபையிலும் ஆள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஒரு ஆளையும் ஆரம்பத்தில் ஜனாதிபதியே நியமித்தாராம். தேர்தல் பிறகுதான் வந்தது. அக்காவின் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். முதல் தேர்தலின்போது ஓட்டுக் கேட்டு ஒருவர் படியேறி வந்தது அந்த வீட்டில் பெரிய சம்பவம். அதற்கு முன்னால் அப்படி யாரும் வந்து நிற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அப்பா அவருக்கு டீ கொடுத்து, உட்காரவைத்து, ஆலையில் கூட வேலை பார்க்கிற அத்தனை பேரையும் ஆளனுப்பி வரவழைத்துவிட்டாராம். வந்தவரால் அடுத்த தெருவுக்குப் போகவே முடியவில்லை.

"டெல்லி எவ்வளவு தூரம், கடலைத் தாண்டி ஒரே ஒரு ஆள் போறார். அவர் கேக்காமப் போயிட்டா எங்க பேச்சு கரையிலயே நின்னுடும்மா" என்றார். ஸ்கூட்டி சத்தத்தில் அதைக் கத்தித்தான் சொன்னார்.

மாநிலங்களவை விஷயத்தில் அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒரு மாநிலத்தின் சார்பில் அங்கே போகிறவர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்று முன்பு சட்டம் இருந்ததாம். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். நாட்டில் எங்கேயாவது வாக்காளராக இருந்தால் போதும். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் தெருவில் கறிகாய் வாங்க வேண்டாமா என்பார்.

இந்த அக்காவின் நாற்காலியைத்தான் நான் பறிக்கப் போனேன்.

எனக்கு அதில் குற்ற உணர்ச்சி எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. எங்கள் பக்க நிலைமை அப்படி. கச்சிபௌலியிலிருந்து ஞாயிறு காலை பிள்ளைகளைக் கிளப்பிச் செகந்திராபாத் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்துவிடும். பாதிப் பேர் பக்கத்தில் இருக்கிற ஆங்கிலச் சபைகளுக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கமே ஒரு ஹால் பிடித்து ஞாயிறு மாலை தமிழ் ஆராதனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் கமிட்டியில் தோற்றது. எண்பது வீட்டுக்கு ஒரு கை என்றால் தோற்காமல் என்ன செய்யும்? ஆகவே வீட்டு எண்ணிக்கைப்படி இடங்களைத் திருப்பிப் பிரிக்கச் சொல்லித் தீர்மானம் எழுதினேன். செகந்திராபாத், அல்வால், கச்சிபௌலி மூன்றுக்கும் மூன்று மூன்று. காஞ்சன்பாக் செகந்திராபாதோடு சேரும். அதற்கென்று தனியாக யாரும் இருக்கமாட்டார்கள்.

தனி ஆள் இல்லையென்றால் அடுத்து என்ன போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வேன். ஏழு வீட்டுக்கு எதற்கு ஒரு வேன் என்று பொருளாளர் முணுமுணுக்காத கூட்டம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அக்கா எழுந்து நிற்பதால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓய்வு பெறப் போகிற வயசில் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவது சுலபமும் இல்லை.

தொகுதிகளை ஜனத்தொகையை வைத்துத் திருப்பிப் பிரித்தால் தெற்கு மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் பங்கு குறைந்துவிடும் என்று அப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. நானும் கொதித்துப்போய் சபை வாட்ஸப் குழுவில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டிருந்தேன். அந்த ஞாயிறு அக்கா என்னைத் தனியாகப் பிடித்தார்.

"காலையில தெற்குக்கு அநியாயம்னு எழுதின. சாயங்காலம் ஏழு வீட்டுக்கு எதுக்கு தனி இடம்னு எழுதின. ரெண்டையும் எழுதினது ஒரே ஆளா?"

நன்றாக மாட்டிக்கொண்டேன். சிரிப்புத்தான் வந்தது. "ரெண்டும் நியாயம்தானக்கா. எண்பது வீட்டுக்கு ஒரு கைங்கதும் அநியாயம்தான?" என்றேன்.

"ஹவ், அதுவும் நியாயம்தான். ரெண்டும் நியாயமா இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். "சரி, தீர்மானத்துக்கு என்ன ஓட்டுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் கேட்கப் போவதில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. தன் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று தன் ஆட்களிடம் கேட்டால் எவர் ஆமாம் என்பார்? விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அல்வால் மூன்றும் எங்கள் பக்கம், செகந்திராபாதில் இளையவர் ஒருவர் எங்கள் பக்கம், என்னோடு ஐந்து. ஆறாவது கை கிடையாது. செகந்திராபாதில் பிறந்து வளர்ந்த செயலாளர் தன் வட்டாரத்துக்கு ஒரு இடம் குறைவதை விரும்பவில்லை. அக்கா இருக்கிற தைரியத்தில் நிம்மதியாக இருந்தார். கூட்டத்துக்கு வரும்போதே, "தீவு அக்கா இருக்கும்போது நமக்குக் கைக்கு என்ன கவலை?" என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தீர்மானத்தை நான் வாசித்தேன். இரண்டொருவர் பேசினார்கள். பிறகு அக்கா எழுந்தார். இப்போது சொல்லப் போவது தன் சொந்தப் பேச்சு, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் அவர் தனக்காகப் பேசி யாரும் கேட்டதில்லை. செயலாளர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எண்பது வீட்டுக்காரங்க வீட்டுக்குள்ள பேசினாலே இங்க கேக்கும். ஏழு வீட்டுக்காரங்களுக்குத்தான் எழுந்து சொல்ல ஒரு ஆள் வேணும். தலையை எண்ணிப் பிரிச்சா சின்ன ஊரெல்லாம் பெரிய ஊரோட வாலா ஆயிடும். நான் அப்படி ஒரு ஊர்லேருந்து வந்தவ. இந்தத் தீர்மானம் எனக்குப் பிடிக்கல."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஐயா எல்லோரையும் பார்த்துவிட்டு ஓட்டுக்கு விட்டார். தீர்மானத்துக்குச் சம்மதம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். எங்கள் ஐந்து கைகள் எழுந்தன. அதன் பிறகு அக்காவின் கை எழுந்தது.

ஐயா புரியாமல், தவறுதலாகத் தூக்கிவிட்டீர்களா என்று கேட்டார். செயலாளர் "நக்கோ நக்கோ, அவங்க எதிர்ப்பு" என்று இந்த ஊர்ப் பாஷையில் மறுத்துப் பதறினார்.

"தெரிஞ்சுதான் தூக்கினேன்" என்றார் அக்கா. "பேசினது நான். இந்தக் கை அவங்களோடது. ஏழுல அஞ்சு வீடு சரின்னு சொல்லிடுச்சு."

காரணத்தையும் அவரே சொன்னார். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது இருப்பது கச்சிபௌலியில்தான். மென்பொருள் வேலை, உயரமான கட்டடத்தில் வீடு. அந்தப் பிள்ளைகள் சபைக்கு வருவது நின்று இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. பெற்றவர்களுக்கு இது வெளியே சொல்ல முடியாத துக்கம். கச்சிபௌலிக்குக் கை கூடினால் மாலை ஆராதனை வரும். ஆராதனை வந்தால் பிள்ளைகள் வருவார்கள். எங்கள் இடம் போனால் போகட்டும், வேனும் போனால் போகட்டும் என்று அந்த ஐந்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அம்மா இதைச் சொல்லும்போது அழுதாராம்.

தீர்மானம் நிறைவேறியது. ஜெயித்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் முதுகில் தட்டி, அடுத்த விஷயத்துக்குப் போங்கள், மணியாகிறது என்றார்.

ஐயாவுக்கும் மனசு கேட்கவில்லை. சபை விதிப்படி அவர் விரும்பினால் கமிட்டிக்கு ஒருவரை நியமிக்கலாம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது, நீங்கள் என் நியமன உறுப்பினராக வந்துவிடுங்கள், அதே நாற்காலியில் உட்காரலாம் என்று அக்காவைக் கேட்டார். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அந்த ஒரு தடவைதான் அவர் யாரையும் கேட்காமல் உடனே பதில் சொன்னார்.

"வேண்டாங்கய்யா. நீங்க நியமிச்சா நான் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறது?"

அடுத்த கமிட்டித் தேர்தலில் எங்களுக்கு மூன்று இடம். நிற்கத் தயாராக இருந்தது நானும் இன்னொருவரும்தான். மற்ற எல்லோருக்கும் மீட்டிங், கால், டெட்லைன். தீவு அக்காவைக் கேட்டால் என்ன என்று முதலில் சொன்னது என் கணவர். இங்கே குடியிருக்கிற காஞ்சன்பாக் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் ஆட்சேபித்தார், அவர் உங்கள் வட்டாரத்தில் குடியிருக்கவில்லையே என்றார். விதியைப் புரட்டினால் சபையில் ஓட்டு இருந்தால் போதும் என்றுதான் இருந்தது, குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்குத்தான் தர்மசங்கடம். எந்தச் சட்டத்தை வருஷக்கணக்காகத் திட்டினாரோ அதே சலுகையில் வரச் சொல்லி எல்லோரும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஊர்ல கறிகாய் வாங்காதவ நான். உங்களுக்குச் சம்மதமான்னு வீடு வீடா வந்து கேக்கணும். அப்புறம்தான் சொல்வேன்" என்றார்.

எண்பது வீடு அக்கா, குழுவில் ஒரு மெசேஜ் போட்டால் ஆயிற்று என்றேன். என்னை ஒரு முறை முறைத்தார். அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார். எங்கள் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி எந்த ஃப்ளாட் என்று கேட்டிருக்கிறார். தமிழ் வீடெல்லாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் போனில் ஒரு எண்ணை அடித்தால்தான் கேட் திறக்கும். தமிழ் வீடெல்லாம் என்று அடிக்க அதில் இடமில்லை. நான் இறங்கிப் போய்த்தான் கூட்டிவந்தேன்.

எங்கள் வீட்டில் என்னைக் கேட்டார், என் கணவரைக் கேட்டார். அப்புறம் சோபாவின் மூலையில் போனோடு இருந்த என் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு அப்போது எட்டு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். அவளுக்கு ஓட்டில்லையே அக்கா என்றேன். ஓட்டில்லாதவர்களிடம் கேட்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது என்றார். சபையில் உனக்கு என்ன பிடிக்கவில்லை என்று அவளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பேசாமல் காத்திருந்தார். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாகு தமிழ் அர்த்தமவுதுந்தி, கானி சதவடம் ராது."

தமிழ் புரிகிறது, வாசிக்கத்தான் வராது. திரையில் பாட்டு தமிழ் எழுத்தில் வருகிறது, எல்லோரும் பாடும்போது தான் சும்மா நிற்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பாட விருப்பமில்லாமல் நிற்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அக்கா மற்ற வீடுகளிலும் பிள்ளைகளைக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்களாம்.

வீடுகள் சம்மதித்து, அக்கா எங்கள் மூன்றாவது ஆளாகக் கமிட்டிக்கு வந்தார். புதுக் கமிட்டியின் முதல் கூட்டத்தில் மாலை ஆராதனை நிறைவேறியது. வேனும் நிற்கவில்லை, பெற்றவர்கள் பிள்ளைகளோடு உட்கார மாலையில் கச்சிபௌலிக்கும் அது வரட்டும் என்று அல்வால்காரர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு அக்கா எழுந்து, அந்தத் தெலுங்கு வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே சொன்னார். தமிழ்ச் சபைக் கமிட்டியில் தெலுங்கு ஒலித்தது அதுதான் முதல் தடவை. பாட்டைத் திரையில் போடும்போது தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில எழுத்திலும் போட வேண்டும் என்றார். தமிழ்ச் சபையில் ஆங்கில எழுத்தா என்று செயலாளர் எழுந்தார்.

"இதைச் சொன்னவங்களுக்கு இங்க ஓட்டில்லண்ணே. அதான் அவங்க பாஷையிலேயே கொண்டு வந்தேன். நீங்க மாத்தணும்னா அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து மாத்துங்க."

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுக்கு விட்டபோது, தன் பேரனுக்கும் வாசிக்க வராதுதான் என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

கச்சிபௌலி ஹாலில் முதல் ஞாயிறு. ஏசி வேலை செய்யவில்லை, மைக் கரகரத்தது. காஞ்சன்பாக் வேன் நேரத்துக்கு வந்து, ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்கள். அக்கா கடைசி வரிசையில் நின்றார். திரையில் பாட்டு வந்தது, மேலே தமிழில், கீழே ஆங்கில எழுத்தில். முதல் வரியை நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. சுருதி இல்லை, ழகரம் இல்லை, ஆனால் தமிழ். என் மகள் தமிழில் பாடி நான் கேட்டதே இல்லை. மூன்றாவது வரியில் நான் பாடுவதை விட்டுவிட்டு அவள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்; நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, திரையை விரலால் காட்டி எனக்கும் சேர்த்துப் பாடினாள்.